எறும்புக் கடி

கார் ஒன்றுதான் கேட்டேன்.
ஆறு வருடம் யப்பானில் ஓடி வந்த வாகன் ஆர், சாம்பல் நிறம்,
கதவை மூடினால்
பிஸ்கட் தகரம் மூடுவதுபோல் ஒரு சத்தம்.
அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துவிட்டது.

கிருலப்பனை, ஹைலெவல் வீதி,
குளிரில் மல்லிகை ஸ்பிறே மணக்கும் கண்ணாடி அறை.
சட்டையில் அன்ஸ்லி என்று பெயர் குத்தியிருந்தான்.
சிங்களத்தில் தொடங்கினான்.
செராமிக் கோட்டிங் மிஸ், மூன்று வருடத்துக்குத் தூசி ஒட்டாது.
எப்பா, என்றேன்.
தோல் சீற் கவர்?
எப்பா.
முன்னுக்கும் பின்னுக்கும் கமரா?
எப்பா மல்லி, எப்பா.
பஸ்ஸில் கடலை விற்பவர்களிடம் சொல்லிச் சொல்லி
இருபது வருடமாய்ச் சில்லறைபோல் நாக்கில் கிடக்கும் சொல்.
எடுத்து நீட்டினால் அலுவல் முடிந்தது.

படிவம் நிரப்ப அடையாள அட்டை கேட்டான்.
வாசித்தான். நிமிர்ந்தான்.
முகத்தில் யாரோ சுவிட்ச் போட்டார்கள்.
"கனகசபாபதி பிரபாலினி!
நம்மட ஆளெண்டு முதலே சொல்லியிருக்கலாமே அக்கா."

கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டான்.
பிளேன்ரீ வந்தது, இஞ்சி தட்டிப் போட்டது, நான் கேட்காதது.
"எங்க இருக்கிறீங்கள், வெள்ளவத்தையோ?
கடவுளே, கடற்கரைப் பக்கமோ?
உப்புக்காத்து அக்கா. வேற ஆக்களுக்கெண்டா நான் வாய் திறக்கமாட்டன்.
அடித்தட்டு ரெண்டு மாரிக்குத் தாங்காது,
துருவுக்கு மருந்து அடிச்சே ஆகோணும்.
மொத்தத்தைப் பாக்காதீங்க, லீசிங்கில கரைஞ்சுபோகும்,
நாளைக்கு ஒரு பணிஸ் காசு."

கோட்டிங்குக்கு இன்னொரு பணிஸ்.
சீற் கவருக்கு ஒரு ரோல்ஸ்.
திருட்டு அலாரம், அதுக்கென்ன, ஒரு பிளேன்ரீ.
பேனா கட்டம் கட்டமாய்ச் சரி போட்டுக்கொண்டே இறங்கியது.

அந்தக் குரலை எனக்குத் தெரியும்.
காலை ஏழு மணிக்கு, ஆய்வுகூடத்தில்,
இரத்தம் எடுக்கும் மேசையில் நான் வைத்திருக்கும் குரல்.
"பயப்பிடாதீங்கோ, எறும்பு கடிச்ச மாதிரித்தான்,
அங்கால பாருங்கோ."
அவர்கள் அங்கால பார்ப்பதற்குள்
ஊசி உள்ளே போயிருக்கும்.
நானும் அங்கால பார்த்துக்கொண்டிருந்தேன்.
சுவரில் கலண்டர். போன மாதத்தை இன்னும் கிழிக்கவில்லை.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தால்
"பிறகு பாப்பம்" என்று வந்தது.
"அவரிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்" என்று வந்தது.
அவர் டோஹாவில், இந்நேரம் நித்திரை.
வேண்டாம் என்பதை எங்கே சொல்லிப் பழகினேன் நான்?
சொந்தக்காரர் வீட்டுப் பந்தியில்.
அங்கே அதற்குப் பொருள்
இன்னும் ஓர் அகப்பை வையுங்கோ.

கடைசியில், தலையைக் குனிந்துகொண்டு,
தமிழில் பேசிய பிள்ளைக்குச் சிங்களத்தில் சொன்னேன்.
எப்பா.

பேனா நின்றது.
பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.
அவன் கோபிக்கவில்லை. கதிரையைக்கூடப் பின்னே தள்ளவில்லை.
குரல் மட்டும் இறங்கி, யாருக்கும் விற்காத குரலாய்:
"மாசம் ஆறு கோட்டிங் விக்கோணும் அக்கா.
இண்டைக்கு முப்பது. நாலுதான் முடிஞ்சது."

உண்மையா, மெல்லிய ஊசியா,
இருபது வருடம் நரம்பு பார்த்த எனக்குப் பிடிபடவில்லை.
சட்டைக் கழுத்தில் உள்பக்கம் நூல் பிரிந்திருந்தது.
அதுவும் எல்லாச் சட்டையிலும் பிரிவதுதான்.

"காலுக்கு நாலு றப்பர் விரிப்பு போட்டு விடும்" என்றேன்.
பதினொராயிரத்து ஐந்நூறு.
பஞ்சிகாவத்தையில் ஐயாயிரத்துக்கு எடுக்கலாம், தெரியும்.
அவனுக்கும் தெரியும். பற்றுச்சீட்டை இரண்டாய் மடித்துத் தந்தான்.

காலிவீதியில் திரும்பும்போது மழை பிடித்தது.
கடற்பக்கத்துக் காற்று, உப்பு, கண்ணாடியெல்லாம் பிசுபிசுப்பு.
அடித்தட்டை நினைத்தேன். நினைக்கக்கூடாது என்று நினைத்தேன்.
சிவப்பு விளக்கில் நின்றபோது
கதவைக் கொஞ்சம் திறந்து, மறுபடி மூடிப் பார்த்தேன்.
பிஸ்கட் தகரம்.
பின்னால் திரீவீலர்க்காரன் ஹோர்ன் அடித்தான்.