இன்னும் ஒரு சாண்

முதலில் நாற்பத்திரண்டு லட்சம் சொன்னார்கள்.
உச்சிப்புளியிலிருந்து கடலுக்கு இறங்கும் ரோட்டில்
நாலாவது வீடு. இரண்டு படுக்கையறை, ஒரு போர்,
தண்ணீர் கொஞ்சம் கரிக்கும் என்றார் தரகர் ராக்கப்பன்,
கேட்காமலே.
ரிசார்ட் வருகிறது, ஆறுவழிச் சாலை வருகிறது என்று
உடைமுள்ளை வெட்டிக் கல் நட்ட காலம் அது.
கல் மட்டும் வந்தது.

முப்பத்தாறு ஆனபோது என் வீட்டுக்காரர்
கடன் மனுவை எழுதி மடித்துச்
சட்டைப்பையில் வைத்துவிட்டார்.
நான்தான் பொறுங்கள் என்றேன்.
ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்,
இறால் விலை விழுவதையும் எழுவதையும்
பத்து வருஷமாகப் பேரேட்டில் பார்த்தவள்.
விழுகிற பொருளுக்கு நடுவழியில் கை நீட்டக் கூடாது,
தரையில் கிடக்கும்போது குனிந்து எடுத்துக்கொள்ளலாம்.
அப்படித்தான் சொன்னேன்,
சொன்ன அழகில் எனக்கே நம்பிக்கை வந்தது.

முப்பத்தொன்று.
வாரம் இருமுறை வந்த ராக்கப்பன் மாதம் ஒருமுறை வந்தார்,
பிறகு போனில், பிறகு பொங்கலுக்கும் பெருநாளுக்கும்
பூப்போட்ட வாழ்த்துப் படம் மட்டும்.
டீக்கடையில் சென்ட் என்ன போகுது என்று
யாரும் யாரையும் கேட்கவில்லை.
நட்ட கல்லில் ஆடு முதுகு தேய்த்தது.
வழிகாட்டி மதிப்பு மட்டும்
பதிவு அலுவலகச் சுவரில் ஏறிய இடத்திலேயே நின்றது,
செத்தவர் வயசு மாதிரி.

இன்னும் இறங்கும் என்றேன்.

அந்தக் கோடையில் புதுமடம் பக்கம்
மணலில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
முழங்கை ஆழத்தில் நீர் கசிந்தது, சிரட்டையால்
மெல்ல மொண்டு குடத்தில் ஊற்றினாள்.
இன்னும் ஒரு சாண் தோண்டினால் நிறைய வருமே என்றேன்.
நிமிரவில்லை.
வரும், உப்பா வரும் என்றாள்.
சிரித்துவிட்டு பஸ் ஏறினேன்.
அதை வீட்டு விலையோடு சேர்த்து யோசித்தேன் என்று சொன்னால்
பொய்.

இருபத்தேழு.
இனி இருபத்தாறு சொல்லுவோம்,
இருபத்தாறரைக்கு வந்து நிற்போம் என்று
ஒரு வெள்ளிக்கிழமை மாலை கிளம்பிப் போனேன்.
விற்பனைக்கு என்ற போர்டு இல்லை.
அது கட்டியிருந்த கம்பியில்
ஈரப் போர்வை ஒன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.
சித்தி ஜொஹரா முக்காலியில் உட்கார்ந்து
கேட்டின் துருவை உப்புத்தாளால் சுரண்டினார்.
முழங்கை வரை செம்பொடி.
விக்கலைம்மா, என்றார் நான் வாய் திறக்குமுன்.
மகன் புரூணையிலேருந்து வந்துட்டான்.
பெயின்ட் கூட வாங்கியாச்சு, நீலம்.
இந்த மூணு வருஷமும் வீடு பாக்க வந்தவங்க
விலையைத்தான் பாத்தாங்க,
ஒருத்தரும் மாடிக்கு ஏறலை.
மேல நின்னா கடல் தெரியும்.

நானும் ஏறியதில்லை.
தண்ணி குடிக்கிறீங்களா என்றார், குடித்தேன்.

ரோட்டுக்கு வந்து ராக்கப்பனைக் கூப்பிட்டேன்.
பின்தெருவில் ஒண்ணு இருக்கு, அதைவிடச் சின்னது,
இருபத்தொன்பது, குறைக்க மாட்டாங்க.
அப்ப அடி எங்கேண்ணே, எப்ப வந்தது?
அது போன தையிலேயே போச்சே என்றார், சாவதானமாக.
ஏன் அன்னைக்கே சொல்லலை?
அன்னைக்கு எனக்கே தெரியாதேம்மா.

மண்டபத்துக்கு பஸ் கூட்டமாக வந்தது.
கம்பியைப் பிடித்து நின்றபடி கூட்டினேன்,
எந்தப் பேரேட்டிலும் நான் எழுதாத கணக்கை:
வாடகை ஆறாயிரத்து ஐநூறு, முப்பத்தாறு மாதம்,
இரண்டு லட்சத்து முப்பத்துநாலாயிரம்.
நாக்கில் அந்தத் தண்ணீர் இன்னும் இருந்தது.
கரித்தது உண்மைதான்.
சொன்ன அளவுக்கு இல்லை.