இருபத்தைந்து மில்லிவோல்ட்

முதலில் மீட்டரில் எண் போட வேண்டும்.
இருபது இலக்கம். ஒன்று பிசகினாலும்
பச்சை விளக்கு எரியாது.
கராஜ் கடையில் நூறு ராண்டுக்குக் கிழித்துத் தந்த சீட்டு
என் பல்லிடுக்கில்; கையில் டார்ச்.
எண்ணைக் கொடுத்துக் கரண்ட் வாங்கி
கரண்டைக் கொடுத்து எண் தேடும் தொழில்.
கொழுந்தன் தேஷென் சிரிப்பான்:
"மண்ணே இல்லாத சுரங்கம், அண்ணி.
முழங்கால் வலிக்காது."

ஸ்டான்மோரில் எங்கள் வீட்டின் பின்புறம்
தகரக் கூரை போட்ட ஒற்றை அறை.
குடியிருந்த பையன் ஜோஹன்னஸ்பர்க் போனதும்
ஆறு கார்டுகள் குடிவந்தன,
பால் கிரேட்டுகளின் மேல் வரிசையாக.
பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை பெயர்.
வாடகை தருவதாகப் பேச்சு.
சில மாதம் தந்தன.

மெமரியை ஏற்று, கோர் கிளாக்கை இறக்கு,
விசிறியை அறுபத்தைந்தில் நிறுத்து.
இதெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள்.
வோல்டேஜில்தான் கைப்பக்குவம்.
தொள்ளாயிரத்தில் தொடங்கு.
இருபத்தைந்து இருபத்தைந்தாகக் குறை.
ஒரு மணி நேரம் பார். ஓடுகிறதா?
இன்னும் குறை.
எங்கே விழுகிறதோ
அதற்கு ஒரு படி மேலே வை.
அந்த இடத்தில் கார்டு
குறைவாகத் தின்னும், விழாமல் உழைக்கும்.

பூஜ்யம் எண்ணூறுக்கே ஒத்துக்கொண்டது.
ஒன்றும் நான்கும் எண்ணூற்றிருபத்தைந்து.
ஐந்தின் வலது விசிறி முனகும்;
தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன்.
இரண்டைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.
மூன்றுதான் வம்பு.
எண்ணூற்றைம்பதில் நாற்பது நிமிடம் ஓடி,
தப்புத் தப்பாய் விடை துப்பி,
பிறகு அசையாமல் நின்றது.

ஒரு படி ஏற்றப்போன விரல்
கீபோர்டின் மேலேயே நின்றுவிட்டது.

பீனிக்ஸ் இண்டஸ்ட்ரியல் பார்க்கில்
பதினொரு வருஷம் நான் மெஷின் பதினேழு.
பள்ளிச் சட்டைக்குக் காலர்.
மணிக்கு முப்பது என்றார் மிஸ்டர் பாத்தர்.
தைத்தோம்.
முப்பத்தைந்து என்றார்.
டீ நேரத்தைப் பத்து நிமிடம் ஆக்கினார்.
தைத்தோம்.
நாற்பத்திரண்டில், ஒரு வெள்ளிக்கிழமை,
மெஷின் இருபத்துமூன்று, லுங்கிலே,
ஊசிக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்தாள்.
தூங்குகிறாள் என்றுதான் நினைத்தோம்.
திங்கட்கிழமை போர்டில் நாற்பது.
அதற்குப் பிறகு அது ஏறவும் இல்லை
இறங்கவும் இல்லை.
நல்ல மனுஷன் என்று சிலர் சொன்னார்கள்.
நானும் சொன்னேன்.

பத்து மணிக்கு மின்வெட்டு. நிலை நான்கு.
ஆறும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டன.
தகரம் குளிரில் சுருங்கும் சத்தம்.
ரெண்டு தெரு தள்ளி யாருடைய ஜெனரேட்டரோ.
ஒவ்வொரு கார்டாகத் தொட்டுப் பார்த்தேன்;
மூன்றின் முதுகு மட்டும்
ஆறவே மாட்டேன் என்றது.

பன்னிரண்டரைக்குக் கரண்ட் வந்தது.
பாடப்படி, மூன்றுக்கு
எண்ணூற்று எழுபத்தைந்து போதும்.
தொள்ளாயிரமே போட்டேன்.
மாதம் பத்துப் பன்னிரண்டு ராண்ட் நஷ்டம்.
தேஷென் கேட்டால்
விசிறிக் கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம்.

விடியும்போது கூரைமேல் ஹாடிடாக்கள்
யாரோ ஏமாற்றிவிட்டதுபோல் கத்தின.
கார்டுகளின் சூட்டுக் காற்றில்
கிரோஷனின் சட்டை காய்ந்திருந்தது.
இந்த ஜூலையில் வேறெங்கும் காயாது.
மடிக்கும்போது பார்த்தேன்:
காலரின் கடைசி அரை அங்குலத்தில்
தையல் கோணிப்போயிருக்கிறது.
எங்கள் கைக்கும் இப்படித்தான் வரும்,
முப்பத்தெட்டைத் தாண்டும்போது.

மீட்டரில் இருபத்தேழு யூனிட் மிச்சம்.