பிழைப் புள்ளிகள்

நாற்பத்தொரு மாடுகளின் கழுத்தில்
யாரோ கருவி கட்டியிருக்கிறார்கள்.
பதினான்கு மாதம் அவை நடந்த நடை
தோஹாவில், நஜ்மாவில், மூன்றாம் மாடியில்
என் திரைமேல் எறும்புச் சாரியாய் ஊர்கிறது.

கரமோஜா என்று கோப்பின் பெயர்.
உகாண்டாவின் வடகிழக்கு மூலையாம்.
நான் போனதில்லை. மேனேஜர் ஷஹீரும் போனதில்லை.

வேலை எளிதுதான்.
எல்லைக் கோட்டுக்கு வெளியே சிதறிய புள்ளிகளைக்
கருவிக் கோளாறென்று நீக்க வேண்டும்.
பிறகு நிலத்துக்கு நிறம்:
பயிர் பச்சை, வீடு சிவப்பு,
மிச்சமெல்லாம் சாம்பல்.

சாம்பலுக்கு அறிக்கையில் நாசூக்காக ஒரு பெயர் உண்டு.
முதுகுளத்தூர் தாலுகா ஆபீசில்
இரண்டு வருஷம் அளவுச் சங்கிலி பிடித்தவன் நான்.
எனக்குத் தெரிந்த பெயர்கள்
தரிசு, புறம்போக்கு, அனாதீனம்.
அதில் நடுப் பெயரை
ஆளைத் திட்டவும் வைத்திருக்கிறோம்.

இரவு ஷிப்ட் செக்யூரிட்டி நகிரு.
மழை பெய்கையில் பிறந்தவள் என்று அர்த்தமாம்.
சனையா கேம்ப்பிலிருந்து
ஆறு மணி பஸ்ஸில் வருகிறாள்.
மணிக்கொரு முறை மாடி மாடியாய் ஏறி
சுவரில் பதித்த பொத்தான்களைக்
கையிலுள்ள கருவியால் தொட வேண்டும்.
பன்னிரண்டு பொத்தான்.
ஒன்று விட்டாலும் சம்பளத்தில் பிடிப்பு.

ஏழாவது பொத்தான் என் மேஜைக்குப் பின்னால்.
அதைத் தொட வந்தவள்
தொடாமல் நின்றாள்.

"இதை ஏன் அழிக்கிறாய்?"

எங்கள் இருவரின் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன்:
எல்லைக்கு அறுபது கிலோமீட்டர் மேற்கே
மாடு எப்படிப் போகும்? மெஷின் தப்பு.

"அங்கே மழை பெய்திருக்கும்" என்றாள்.
இரண்டு என்றால் இரண்டு என்பது போன்ற குரல்.

அவர்களுக்கு வீடு இரண்டு விதம்.
பெண்களும் சோளமும் தங்குகிற இடம் ஏரே.
மாடும் பையன்களும் புல்லைத் துரத்திப் போய்
முள்வேலி போட்டு, பிறகு அதையும் விட்டுப் போகிற இடம் அவி.
என் காதில் அது ஆவி என்றுதான் விழுந்தது.
இரண்டுக்கும் இடையே தலையில் தானியத்தோடு
போய் வந்தவள் இவள்.
"என் கழுத்தில் யாரும் கருவி கட்டவில்லை.
கட்டியிருந்தால் மாட்டைவிட அதிகம் காட்டும்."

நீ இப்போது எந்த வீட்டில் என்றேன்.
சிரித்தாள். "சனையாவும் அவிதான்.
மாடு மட்டும் இல்லை."

பிறகு திரையில் விரல் வைத்தாள்.
ஒன்பது மாடுகள், ஒரே இரவு,
மேயாமல், நிற்காமல்
வடக்கே கயிறு கட்டி இழுத்ததுபோல் ஒரு கோடு.
"இது நடை இல்லை. களவு."

வெட்சி.
பத்தாம் வகுப்பு, இரண்டு மதிப்பெண்:
ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை.
பூவின் பெயரென்று எழுதிவிட்டு
அடுத்த கேள்விக்குப் போனவன்.
செத்தவர் உண்டா என்று அன்று கேட்கவில்லை.
இப்போதும் கேட்கவில்லை.
அவளே சொன்னாள், ஒரு தம்பியின் பெயர்.
அதை இங்கே எழுதப் போவதில்லை.

நான்காம் நாள் காலை
நான்கு புள்ளிகள் தெற்கே திரும்பியிருந்தன.
அவற்றையும் நேற்றே அழித்திருந்தேன்.

மீட்டெடுக்க ஒரு விசை இருக்கிறது.
அறுநூற்றுப் பன்னிரண்டு முறை தட்டினேன்.
ஒவ்வொன்றாய் வந்தன,
சாம்பலின் மேல், கறுப்பாய்.
அந்த நிலத்துக்கு என்ன நிறம் என்று மட்டும்
கடைசி வரை தெரியவில்லை.

காலையில் ஷஹீர் பார்த்தார்.
"கிளையண்டுக்குக் காலி நிலம் வேண்டும்.
அடிக்குறிப்பில் போட்டுவிடு" என்றார்.
போட்டேன். எட்டாம் அளவு எழுத்தில்.

கீழே வரவேற்பு மேஜையில்
இரவு ரோந்தின் தாள் கிடந்தது.
இரண்டு மணிச் சுற்று:
ஏழாம் பொத்தான், பதிவு இல்லை.
காரணம் என்ற கட்டத்தில்
சூப்பர்வைசர் எழுதியிருந்தார்:
கருவிக் கோளாறு அல்ல.