எத்தனை மணிக்குத் திறப்பார்கள்

ஞாயிற்றுக்கிழமை கண்டெய்னர் ஏறாது.
"அந்தம்மாவுக்கு ஊரைச் சுத்திக் காட்டும்மா" என்று
கம்பெனிக் காரையும் முனிரத்தினத்தையும்
கொடுத்தனுப்பினார் மேனேஜர்.
கிருஷ்ணகிரியில் எட்டு வருஷமாகப்
பலகைகளின் நீள அகலம் எழுதுகிறேன்.
சுற்றிக் காட்ட ஒரு ஊர் இருப்பது
எனக்கே புதுச்செய்தி.

நெலிதா கிஸ்பே. குஸ்கோக்காரி.
இடது முழங்காலில் உறை,
கைப்பையில் எப்போதும் ஒரு டேப்.
அவளுக்குத் தமிழ் வராது,
எனக்கு ஸ்பானிஷ் வராது,
நடுவில் ஒரு போன்.

கோட்டைமலை அடிவாரத்தில் போன் கேட்டது:
"ஒரே சீட்டில் எத்தனை இடிபாடுகள்?"
அவள் ஊரில் அப்படித்தானாம்.
ஊருக்கு வெளியே நாலு கல்கோட்டை,
அரை நாள் பஸ், ஒரே சீட்டு.
"நீ பார்த்திருக்கிறாயா?"
இரண்டு இடம் மட்டும், என்று விரல் காட்டினாள்.
மீதி இரண்டுக்கு
விருந்தாளி வந்தால் போகலாம் என்று இருந்தாளாம்.

மாங்கூழ் ஃபேக்டரி வாசம்
ஏசியை மீறிக் காருக்குள் வந்தது.
முனிரத்தினம் மூன்று பேரிடம் வழி கேட்டார்.
மூன்றாவது ஆள் ஆடு மேய்ப்பவர்,
"குள்ளர் வீடுங்களா?" என்று
மொட்டைப் பாறையைக் காட்டினார்.

மல்லசந்திரம்.
நாலு பலகை நிறுத்தி
மேலே ஒன்று மூடி,
முன்பலகையில் வட்டமாய் ஒரு ஓட்டை.
சாந்து இல்லை, ஆணி இல்லை.
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன,
தூங்கிப்போன பஸ் பயணிகளைப்போல.

இது செத்தவர்களுக்கு, என்றேன் போனில்.
யோசித்துவிட்டுப் போன் கேட்டது:
"இந்த இறந்தவர்கள் எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?"
முனிரத்தினம் சிரித்த சிரிப்பில்
உள்ளேயிருந்து ஒரு ஆட்டுக்குட்டி ஓடியது.

அவள் சிரிக்கவில்லை. டேப்பை எடுத்தாள்.
கனம் பதினொன்றரை சென்டிமீட்டர்.
மூடுகல்லை விரல் முட்டியால் தட்டினாள்.
நானும் தட்டினேன், அடுத்த மூலையில்.
இருவரும் காதைச் சாய்த்துக் கேட்டோம்,
தினமும் ஷெட்டில் கேட்பதுபோலவே.
விரிசல் இல்லை.
அதற்குப் போன் தேவைப்படவில்லை.

எழுந்தவள் எதிர்மலையைப் பார்த்தாள்.
பாதி மலை. மேலிருந்து கீழ்வரை
வெள்ளையாய், படிப்படியாய்.
முகம் மலர்ந்து போனில் வேகமாய்ப் பேசினாள்.
"எங்கள் ஊரிலும் முன்னோர்கள்
மலையை இப்படித்தான் படி வெட்டினார்கள்.
இங்கே என்ன பயிரிட்டார்கள்?"

முனிரத்தினம் என்னைப் பார்த்தார்.
நான் செருப்பைப் பார்த்தேன்.
அந்த மலைக்கு ஒரு பெயர் உண்டு,
இன்வாய்ஸில் வேறு பெயர்: பாரடைசோ.
அவள் மொழிக்குப் பக்கத்து மொழியில் சொர்க்கமாம்.
போன கப்பலில் முப்பத்தாறு பலகை,
என் கையெழுத்து,
இறக்கிக்கொண்டது அவள் கையெழுத்து.

"உங்கள் அடுப்படி மேடையை" என்றேன்.

போன் அதை என்னவென்று சொன்னதோ.
டேப் சரசரவென்று தானாகச் சுருண்டுகொண்டது.
பிறகு நெடுநேரம்
ஆட்டு மணி மட்டும்.

கே.ஆர்.பி. அணையில் பொரித்த மீன்.
முள்ளை அவள் எடுக்கும் நேர்த்தியைப் பார்த்து
கடைக்காரர் இன்னொரு துண்டு வைத்தார், சும்மா.
திங்கட்கிழமைக்கு இரண்டு கண்டெய்னர் இருந்தது.
அவள் போனை நீட்டினாள்:
"நீ வந்தால் அந்த இரண்டையும் பார்ப்போம்.
சீட்டு நான் எடுக்கிறேன்."