குத்துவாள் குறி

முதுநகர் பழைய பேப்பர் கடைத் தராசில்
அட்டை கிழிந்து கிடந்தது ஓர் ஆங்கில அகராதி.
இரண்டே முக்கால் கிலோ.
ஐம்பத்தைந்து ரூபாய்க்கு
இங்கிலீஷ் முழுவதையும் வாங்கி வந்தேன்.

ஐஸ் கம்பெனியில் என் மேஜை
உப்பனாற்றைப் பார்த்தபடி இருக்கும்.
படகு வரும்வரை வேலையில்லை
வந்துவிட்டால் தண்ணீர் குடிக்க நேரமில்லை.
இடையில் படித்தேன்.

வழக்கொழிந்த சொல்லுக்கு முன்னால்
சின்னதாய் ஒரு குத்துவாள் போட்டிருக்கிறார்கள்.
எங்கே பிறந்தது
கடைசியாக எந்த வருஷம் எழுதினார்கள்
எல்லாம் இருக்கிறது.
எப்படிச் செத்தது என்று மட்டும் இல்லை.

'ஓவர்மாரோ' என்று ஒன்று.
மாரோ என்றால் விடியல்;
நாளைய விடியலுக்கும் அப்பாலுள்ள விடியல்.
அட, நாளன்னிக்கி!
இதையா தொலைத்தார்கள்?
இந்தத் துறைமுகத்தில் அந்த ஒரு சொல் செத்தால்
தேசப்பன் எப்படிக் கடன் வாங்குவார்?
பதினாலு பார் ஐஸ். பாக்கி. நாளன்னிக்கி.
முந்தாநாளும் நாளன்னிக்கி என்றுதான் சொன்னார்.

அப்புறம் 'சி' எழுத்தில்
'கானிகோப்பலி'.
வாய்விட்டுப் படித்தால் ஏதோ விஷக்காய்ச்சல் மாதிரி.
பொருள்: கணக்கு எழுதுகிறவன்.
பிறப்பு: தமிழ், கணக்கப்பிள்ளை.
முன்னால் குத்துவாள்.

தேவனாம்பட்டினம் கோட்டைக்குள்
எவனோ ஒரு துரை
வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு கூப்பிட்டிருப்பான்.
அதுவும் தன் பெயர்தான் என்று
எழுத்தாணியோடு ஓடி வந்திருப்பார் ஒருவர்.
இங்கிலீஷில் அவர் செத்து எவ்வளவோ காலம்.
எழுதுகிறவள்
அதில் பிறக்கவே இல்லை.
மத்தியானம் நாற்பது பார் ஐஸ் பற்று வைத்தேன்.

அன்று ராத்திரி சுருக்குமடித் தகராறில்
தம்பி இளம்பரிதியைப் பிடித்துப் போனார்கள்.
காலையில் ஸ்டேஷனுக்குத் தூக்குவாளியில் கஞ்சி,
மேலே ஒரு பொட்டலம் வறுத்த நெத்திலி.
ஏட்டு மூடியைத் திறந்தார்
கரண்டி விட்டு அடிவரை துழாவினார்
கத்தி கித்தி இருக்குமோ என்று.
'கஞ்சிதானா?'
'கஞ்சிதான் சார்.'

பெஞ்சில் உட்கார்ந்தபோது ஞாபகம் வந்தது
கானிகோப்பலிக்குக் கொஞ்சம் முந்திய ஒரு சொல்.
'காஞ்சி ஹவுஸ்':
தப்புச் செய்த சிப்பாயை அடைத்துவைக்கும் அறை.
கஞ்சி மட்டும் ஊற்றியதால் அந்தப் பேர்.
அதற்கும் குத்துவாள்.
இதோ, எனக்கு எதிரே
பச்சை பெயின்ட் அடித்த கம்பிக்குப் பின்னால்
உயிரோடு உட்கார்ந்து
உறிஞ்சிக் குடிக்கிறது.
'உப்பு கம்மிக்கா' என்கிறது.

எப்போது விடுவீர்கள் என்று கேட்டேன்.
ஏட்டு ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:
'நாளன்னிக்கி பாக்கலாம்.'

கம்பெனிக்கு வந்து பேரேட்டைத் திறந்தேன்.
தேசப்பன் பெயருக்கு முன்னால்
பென்சிலால் ஒரு குத்துவாள் போட்டேன்.
ஐஸ் உடைக்கிற பையன் எட்டிப் பார்த்து
'யாருக்கா செத்துட்டாங்க?' என்றான்.

அழித்துவிட்டேன்.
பதினாலு பார். பாக்கி.