நடவடிக்கைக் குறிப்பில் மழை

லுகெண்டாவில் நீதிமன்றம் கிடையாது.
கிவு ஏரிக்குத் தெற்கே, பாதையே இல்லாத பாதையில்
நீதிமன்றம் லாரி ஏறி வந்தது:
மடக்கு மேசை, முத்திரைப் பெட்டி, மூன்று நீதிபதிகள்.
கொடியை மறந்துவிட்டார்கள்.
ஏழாம் வாய்பாடு அழியாத கரும்பலகையின் கீழ்
விசாரணை.
பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க
குற்றம் சாட்டப்பட்ட கேப்டன்.

பதினோராம் சாட்சிக்குப் பெயர் இல்லை.
பெயரைச் சட்டம் பாதுகாக்கிறது.
நீல முக்காட்டில் கண்ணுக்கு இரண்டு துளை;
தையற்காரன் இடப்பக்கத்தை மேலே வெட்டிவிட்டான்,
தலை சாய்த்துத்தான் பார்க்கிறாள்.
ஆனாலும் அவள் படியேறும்போதே
சன்னலுக்கு வெளியே நின்றவர்கள் அறிந்துகொண்டார்கள்:
வலது காலை இழுத்து நடப்பவள்
லுகெண்டாவில் ஒருத்திதான்.

நான் மொழிபெயர்ப்பாளர்.
அவளுடைய மாஷியைப் பிரெஞ்சுக்குச் சுமந்து
பிரெஞ்சை மாஷிக்குத் திருப்பிக் கொண்டுவருபவள்.
வக்கீல் முகருகா ஜெனீவா வாசகத்தைப் படித்தார்:
பெண்களின் மானத்தின் மீதான எந்தத் தாக்குதலிலிருந்தும்...
மானம், என்று அவள் காதோரம் வைத்தேன்.

"அது எங்கிட்டேருந்து போச்சுன்னு யார் சொன்னா?
இடுப்பெலும்பு போச்சு.
ரெண்டு ஆடு. ஒரு போக மரவள்ளி.
தனியா தண்ணிக்குப் போற தைரியம்.
மானம் தொலைச்சது அவன். அங்க உக்காந்திருக்கான்,
அவங்கிட்ட தேடச் சொல்லு."

சொன்னேன்.
கிளார்க் பிரிந்த்வா விரலை நிறுத்தி மேலே பார்த்தான்.
தலைமை நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார்,
மாட்டினார், மறுபடி துடைத்தார்.
"எழுது."

அப்போது மழை.
தகரக் கூரையில் சரளை கொட்டினாற்போல.
வாய்கள் அசைந்தன, குரல் இல்லை.
நீதிபதி கையை உயர்த்தினார், நிறுத்தம்.
அவள் நிறுத்தவில்லை.
கையைப் பார்க்கவில்லையோ, துளை மேலே இருந்ததோ,
பார்த்தும் பேசினாளோ.
ஒரு முழம் தள்ளி
என் ஒருத்தி காதுக்கு மட்டும்
தேதியோடு, ஆட்களின் பெயரோடு,
ஒருவன் போட்டிருந்த மஞ்சள் செருப்போடு.

மழை விட்டது. குறிப்பில் இருந்தது இவ்வளவே:
மழை. நாற்பது நிமிடம்.

சாட்சி தொடரலாம் என்றார்கள்.
மொழிபெயர்ப்பாளர் தானாக எழுந்து பேச
விதியில் இடமில்லை. எழுந்தேன்.
ஐயா, சாட்சி தொடர்ந்துகொண்டுதான் இருந்தார், என்றேன்.

நீதிபதி அவள் பக்கம் திரும்பினார்.
இன்னொரு முறை சொல்ல முடியுமா?
இதையும் நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

வெகுநேரம் வாசல் சேற்றைப் பார்த்திருந்தாள்.
"மழைய எழுதிட்டானா அந்தப் பையன்?"
எழுதிட்டான்.
"அப்ப அதுக்குக் கீழேயே எழுதட்டும்."

பிரிந்த்வா காகிதத்தை ஒரு வரி ஏற்றினான்.