ஏழாம் வார்டு

ஹிலாரியுஸ் முதல்முறை நின்றபோது சின்னம் சீப்பு.
அவருக்கோ முன்னந்தலை முழுக்க வழுக்கை.
வரைந்தவன் நான்தான்,
வலைக்கூடத்துத் தெற்குச் சுவரில்.
பல்லுக்கு இரண்டு ரூபாய் கேட்டேன்.
சிரித்தார். தரவில்லை.
பதினொரு ஓட்டில் ஜெயித்தார்.

அந்தப் பதினொன்றும் யாரென்று அவருக்குத் தெரியும்.
எங்கள் ஊரில் ஓட்டு ரகசியம் என்பது
சாளைக் குழம்பை மூடி வைப்பது மாதிரி.

அடுத்த தடவை பூட்டுசாவி.
தூண்டில் வளைவு கொண்டுவருவேன் என்றார்.
கொண்டுவந்தார்,
பக்கத்து ஊருக்கு.
அங்கே கல் விழ விழ
இங்கே ஒரு வரிசை வீட்டைக்
கூடுதலாய்த் தின்றது கடல்.

மருமகன் அப்போது பசிபிக்கில், சூரைக் கப்பலில்.
அங்கே ஒரு நாடு இருக்கிறதாம்
(பெயர் கடைசிவரை இவர் வாயில் நுழையவில்லை),
மொத்தமே பத்தாயிரம் பேர்,
சபைக்குப் பதினேழு.
ஒருவர் தும்மினால் அரசாங்கம் கவிழும்.
மீன்வள மந்திரி
சாயங்காலம் பாலத்தடியில் தானே தூண்டில் போடுவார்.

"எடே, நம்ம பேரூராட்சியில
இருபத்தோராயிரம் சனம்.
அங்க பொறந்திருந்தா நான்
ஐநாவுல பேசியிருப்பேன்."

கொளச்சல் பேருந்தில் நின்றபடி
கம்பியை மைக்காகப் பிடித்துப்
பேசவும் செய்தார்:
"மதிப்பிற்குரிய நாடுகளே,
எங்கள் கரை..."
நடத்துனர் சில்லறை கேட்டார்.

பிறகு கட்சியில் சேர்ந்தார். விலகினார்.
தம்மைச் சேர்த்தவருக்கு எதிராகவே கை தூக்கித்
துணைத்தலைவர் ஆனார், ஏழு மாதம்.
வாடகைக் காரின் கண்ணாடியில் பதவியை எழுதியது நான்.
ஏழு மாதம் கழித்து
பிளேடால் சுரண்டியதும் நான்.
இரண்டுக்கும் பாக்கி.

கள்ளக்கடல் ஏறிய ராத்திரி
வலைக்கூடம் பிளந்தது.
காலையில் போய்ப் பார்த்தேன்:
உடைந்த சுவரின் விளிம்பில்
நகக்கனத்துக்கு அடுக்கடுக்காய்
சீப்பின் கறுப்பு, சுண்ணாம்பு,
சாவியின் மஞ்சள், சுண்ணாம்பு,
கட்சி நிறம் ஒன்று,
அதற்கு நேர் எதிர்க்கட்சி நிறம்.
இருபத்திரண்டு வருட அரசியல்,
ஒரு பீடி கனம்கூட இல்லை.

இந்த வருடம் மறுபடி நிற்கிறார்.
வாக்காளர் பட்டியலை மடியில் விரித்து
விரலால் கதவு எண் தேடுகிறார்.
4/112 முதல் 4/139 வரை
தண்ணீர்.
ஆள் உண்டு:
வில்லுக்குறியில் வாடகைக்கு,
மார்த்தாண்டத்தில் மகளோடு,
கத்தாரில் இரண்டு பேர்.
பட்டியலில் மட்டும் எல்லாரும்
அதே வீட்டில்.

"எங்க போய் ஓட்டு கேக்கியது?" என்றேன்.
பதில் இல்லை.
"சுவர் ஏதும் மிச்சம் இருக்கா?" என்றார் அவர்.

இல்லை.
வியான்னியின் வள்ளம் கரையில் கிடந்தது.
அதன் அணியத்தில் வரையச் சொன்னார்.
இம்முறை சின்னம் கட்டில்.
மூன்று கால் முடித்துவிட்டுக்
கூலி கேட்டேன்.
"மொத்தமா எழுதி வையி" என்றார்.

நாலாவது கால் காயும் முன்னே
பிள்ளைகள் வந்து
வள்ளத்தைத் தள்ளிவிட்டார்கள்.